பாடத்திட்டத்தை மாற்றினால் விசுவாசம் மாறிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே மாதம் வந்தால் உங்கள் நாளிதழில் பள்ளிச் சேர்க்கை, கட்டணம், சீருடை, புத்தகம் என்று பக்கம் பக்கமாகச் செய்தி வருகிறது. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்களுக்கும் அதே மே மாதத்தில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது, ஆனால் எங்களைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் வருவதில்லை. பெரம்பூர், அயனாவரம், கொளத்தூர், ராயபுரம் பக்கம் எனக்குத் தெரிந்தே சில கிறிஸ்தவக் குடும்பங்கள் இப்படிப் படிக்க வைக்கிறார்கள். எல்லாருமே ஏதோ ஒரு அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடத்திட்டத்தில்தான் ஆரம்பித்தோம். எங்கள் வீட்டில் இப்போது அதை விட்டு வேறொன்றுக்கு மாறியிருக்கிறோம். மாறியதற்காகச் சபையில் என்னைக் கேட்ட கேள்விகள், மாறலாமா வேண்டாமா என்று தவிக்கும் மற்ற தாய்மார்கள் கேட்கும் கேள்விகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு கிறிஸ்தவப் பாடத்திட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவது பின்மாற்றம் இல்லை, அதாவது விசுவாசத்தை விட்டு விலகுவது இல்லை. நம் ஊரில், நம் மொழியில், நம் பிள்ளைக்கு ஒத்துவரும் படிப்பைத் தேடுவது பெற்றோரின் கடமை, அதைக் கடவுளுக்கு விரோதமான காரியம் போலப் பேசுவதை நாம் நிறுத்த வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். அமெரிக்காவில் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும் வீட்டுக்கல்விக்கும் என்றே பாடநூல் போடும் பெரிய நிறுவனங்கள் 1970களில் இருந்தே இருக்கின்றன. ஏ.சி.இ. (ஆக்சிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்) 1970இல் டெக்சாஸில் தொடங்கியது. அபேக்கா 1972இல் ஃபுளோரிடாவில் பென்சகோலாவில். பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் பதிப்பகமும் அதே காலத்தில் வந்ததுதான். சான்லைட் 1990இல் வந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் பாடத்துக்குப் பாடம் சின்னச் சின்னக் கையேடுகள், பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போகும். ஒன்றில் எழுத்தின் ஒலி, கூட்டெழுத்து, வாய்ப்பாடு எல்லாம் திரும்பத் திரும்பப் பயிற்சி. இன்னொன்றில் கதைப்புத்தகங்களை வைத்தே வரலாறும் மொழியும். நாங்கள் வைத்திருந்தது எது என்று நான் சொல்லப்போவதில்லை. குறை அவர்கள் மேல் இல்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்காக எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது என் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போக இருந்தவள். சின்ன வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டில் திரும்பப் பள்ளி திறந்தது 2021 நவம்பரில்தான். அதற்குள் வீட்டுப் படிப்பு எங்களுக்குப் பழகிவிட்டது, அவள் தம்பிக்கு வீசிங் தொந்தரவு வேறு, அப்படியே தொடர்ந்துவிட்டோம். (பள்ளிக்கு அனுப்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வடசென்னையில் மிஷன் பள்ளிகள் செய்த, செய்துகொண்டிருக்கும் வேலைக்கு நாம் எல்லாருமே கடன்பட்டவர்கள்.) அந்த அமெரிக்கப் புத்தகங்களால்தான் என் மகள் ஆங்கிலத்தைத் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கக் கற்றாள். எந்த நாளில் எந்தப் பக்கம், அம்மா என்ன கேட்க வேண்டும் என்று வரிக்கு வரி எழுதியிருக்கும், ஆசிரியப் பயிற்சி இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு தைரியம் என்று சொல்லி முடியாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு மூன்று வருடம் அப்படி ஒன்றை வைத்துக்கொள்வதை நான் இன்றும் தப்பென்று சொல்லமாட்டேன்.

ஆனால் பிள்ளை வளர வளர இடைவெளி தெரிய ஆரம்பித்தது. உங்கள் நாளிதழை வைத்தே ஒன்று சொல்கிறேன். தமிழ் வாசிப்புப் பழக்கம் வரட்டும் என்று தினமும் ஒரு செய்தியை உரக்க வாசிக்கச் சொல்வேன். ஒரு நாள் ரூ.12,50,000 என்று வந்த இடத்தில் நின்றுவிட்டாள். "அம்மா, இவங்க கமா தப்பா போட்டிருக்காங்க" என்றாள். மில்லியன் தெரியும், பில்லியன் தெரியும், மூன்று மூன்று இலக்கமாகக் கமா போடத் தெரியும், லட்சமும் கோடியும் காதில் விழுந்திருக்கிறதே தவிர எழுதத் தெரியவில்லை. அப்பா சம்பளமும் வீட்டு வாடகையும் கரண்ட் பில்லும் இந்த ஊர்க் கணக்கில்தானே வருகிறது? அவுன்ஸ், பைண்ட், கேலன் எல்லாம் மனப்பாடம், ஆனால் காசிமேட்டு மீன் சந்தையில் முக்கால் கிலோ வஞ்சிரம் என்ன விலை என்றால் யோசித்தாள். அடியும் அங்குலமும் நமக்கும் உண்டு, காய்ச்சலை நாமும் ஃபாரன்ஹீட்டில்தான் பார்க்கிறோம், அதனால் எல்லாமே அந்நியம் என்று சொல்லவரவில்லை. ஆனால் தேதியைக்கூட மாதத்தை முன்னால் போட்டு எழுதும் பிள்ளை நாளைக்கு இங்கே ஒரு விண்ணப்பப் படிவத்தை எப்படி நிரப்பும்?

வரலாறு அதைவிடப் பெரிய இடைவெளி. 1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போனவர்களைப் பற்றி விலாவாரியாகச் சொல்வாள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் யார் என்று தெரியாது. தமிழில் புதிய ஏற்பாடு 1715லேயே அச்சாகிவிட்டது, இந்திய மொழிகளிலேயே அதுதான் முதல், அது அவளுடைய புத்தகங்களில் இல்லை. இன்று தாம்பரத்தில் இருக்கும் கிறிஸ்தவக் கல்லூரி 1837இல் நம் ஜார்ஜ் டவுன் பக்கம் ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கி 1937இல்தான் தாம்பரம் போனது, அது எப்படி அமெரிக்கப் புத்தகத்தில் வரும்? ஞாயிற்றுக்கிழமை நாம் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரும் (1774-1864) அதில் இருக்கமாட்டார். கிறிஸ்தவ வரலாறு என்றால் ஐரோப்பாவில் தொடங்கி அமெரிக்காவில் முடிவது என்று என் பிள்ளை நினைத்துவிடக் கூடாது என்பது எனக்கு ரொம்ப முக்கியம். நம்மைப் பார்த்து "உங்களுடையது வெளிநாட்டு மதம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு மரியாதையாக, விஷயத்தோடு பதில் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

என்னை முடிவெடுக்க வைத்தது இதுவும் இல்லை, தமிழ்தான். என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆயா, பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், சங்கீதங்களில் பாதியை மனப்பாடமாகச் சொல்வார். ஒரு ராத்திரி குடும்ப ஜெபத்தில் 23ஆம் சங்கீதத்தை ஆயா தொடங்கி, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று சொல்லி நிறுத்தி, நீ சொல்லு கண்ணு என்றார். மகளுக்கு அதே சங்கீதம் ஆங்கிலத்தில், கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில், ஒரு சொல் பிசகாமல் தெரியும். தமிழில் இரண்டாவது வரி வரவில்லை. ஆயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரே வசனத்தை இரண்டு பேரும் மனப்பாடமாக வைத்திருந்தும் சேர்ந்து சொல்ல முடியவில்லை. அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் ஒர்க்ஷாப்பில் இருந்து வந்ததும் "அடுத்த வருஷ செட்டுக்கு ஆர்டர் போட்டுட்டியா, போடலைன்னா கொஞ்சம் பொறு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. டாலரில் விலை, அதற்கு மேல் கூரியர் செலவு என்று பணக் கணக்கும் இருந்தது, ஆனால் மலிவாக வந்திருந்தாலும் மாறித்தான் இருப்போம்.

சரி, எதற்கு மாறினோம்? சார்லட் மேசன் (1842-1923) என்று இங்கிலாந்தில் ஓர் ஆசிரியர் இருந்தார், ஆழ்ந்த கிறிஸ்தவர். பாட நேரத்தைச் சின்னதாக வை, பிள்ளைக்கு நல்ல புத்தகத்தை ஒரே தடவை வாசித்துக் காட்டி அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வை, தினமும் வெளியே கூட்டிப்போய் மரத்தையும் பறவையையும் பார்க்க வை, இதுதான் அவர் முறையின் சாரம். இந்த முறையில் ஆம்பிள்சைட் ஆன்லைன் என்று ஒரு பாடத்திட்டத்தை இலவசமாகவே கொடுக்கிறார்கள். அதன் புத்தகப் பட்டியலும் மேல்நாட்டுப் புத்தகங்கள்தான், அதனால் பட்டியலை அப்படியே எடுக்கவில்லை, முறையை எடுத்துக்கொண்டோம். கணக்குக்கும் அறிவியலுக்கும் தமிழுக்கும் தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள். இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சுப் பிரதி வேண்டுமென்றால் கல்லூரிச் சாலையில், முன்பு டிபிஐ வளாகம் என்றிருந்த பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் பாடநூல் கழக விற்பனை உண்டு. வேதபாடத்துக்குத் தனிப் புத்தகம் எதுவும் இல்லை, வேதாகமம்தான், தமிழில்.

அரசுப் புத்தகமா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடத்திலேயே பெரிய எண்களை இந்திய முறை, பன்னாட்டு முறை இரண்டிலும் எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். என் மகளுக்குத் தேவைப்பட்டது சரியாக அதுதான். தமிழில் மட்டும் அவளை ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் உட்கார வைக்க முடியவில்லை, மூன்றாம் வகுப்பில் இருந்து தொடங்கினோம். 11 வயசுப் பிள்ளைக்கு அது மனசுக்குக் கஷ்டம்தான். புத்தகத்துக்கு அட்டை போட்டு வகுப்பு எண்ணை மறைத்தேன், இரண்டு வாரத்தில் அதை அவளே மறந்துவிட்டாள். மாற நினைக்கிறவர்கள் எல்லாப் பாடத்தையும் ஒரே நாளில் தூக்கிப் போடாதீர்கள். நாங்கள் முதலில் தமிழையும் வரலாற்றையும் மாற்றினோம், பழைய கணக்குப் புத்தகத்தில் பின்னம் முடியும்வரை அதையே ஓட்டினோம், ஆங்கில இலக்கணத்துக்கு இன்றைக்கும் பழைய புத்தகம்தான். வகுப்பு எண்ணை நம்பி வாங்காதீர்கள். பழைய பாடத்திட்டத்தில் நாலாம் வகுப்பு என்றால் இங்கே எல்லாப் பாடத்திலும் நாலாம் வகுப்பு ஆகிவிடாது. பாடம் பாடமாகப் பிள்ளையை உட்கார வைத்து, எங்கே தடுக்குகிறதோ அங்கே இருந்து தொடங்குங்கள்.

வாயால் திருப்பிச் சொல்வது என்று மேலே எழுதினேனே, அது செய்யும் வேலையைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். எழுது என்றால் இரண்டு வரியோடு எழுந்துவிடும் என் 8 வயசுப் பையன், சொல்லு என்றால் நிறுத்துவதில்லை. காசிமேட்டுக்குச் சனிக்கிழமை விடியற்காலையில் அப்பாவோடு போவான். அங்கே ஒரு மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டி, சிவப்பா இருந்தா புதுசு, வெளுத்துப்போச்சுன்னா பழசு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி, படம் வரைந்து, செவுளுக்கு மட்டும் சிவப்புப் பென்சில் போட்டு, ஏன் சிவப்பு என்று கேட்டான். அறிவியல் புத்தகத்தில் சுவாசப் பாடத்தை அன்றைக்கே பிரித்தோம். ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு ஏன் கடலுக்குப் போகக் கூடாது என்று அடுத்த கேள்வி, அதில் மீன் இனப்பெருக்கம் முழுக்க வந்துவிட்டது. குளிர்காலத்தில் பழவேற்காட்டில் பூநாரை, எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி மரம் என்று பார்க்க இங்கே எவ்வளவோ இருக்கிறது. வடசென்னை என்றால் புகையும் சாம்பலும் மட்டும்தான் என்று பேசுகிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படுவதில்லை. புகையும் சாம்பலும் இருக்கத்தான் செய்கிறது, தம்பியின் இன்ஹேலர் எங்கள் பையில் எப்போதும் இருக்கிறது, அதையும் பிள்ளைகளிடம் பேசுகிறோம். சிருஷ்டியைக் கடவுளின் கைவேலை என்று நம்புகிறவர்கள் கொசஸ்தலை ஆற்றில் என்ன கலக்கிறது என்று கேட்காமல் எப்படி இருக்க முடியும்?

இனி கொஞ்சம் சிக்கலான விஷயம், இதைத்தான் தாய்மார்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். பல கிறிஸ்தவப் பாடத்திட்டங்களில் உலகம் சில ஆயிரம் வருடத்துக்கு முன் ஆறு நாளில் உண்டானது என்பதையே அறிவியல் பாடமாக வைத்திருக்கிறார்கள். இங்கே பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமம் ஒரு பாடம், தேர்வில் கேள்வி வரும். அதை மறைத்து வைத்துப் பிள்ளையை 15 வயசில் தேர்வு அறையில் கொண்டுபோய் விடுவது நியாயமே இல்லை. புத்தகம் சொல்வதைப் புத்தகம் சொல்வதாகத் தெளிவாகப் படி, டார்வின் என்ன பார்த்தார், எதை வைத்துச் சொன்னார் என்று ஒழுங்காக எழுதத் தெரிந்துகொள், அப்புறம் உட்கார்ந்து பேசுவோம், இதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஆதியாகமம் முதல் அதிகாரத்தைப் பல விதமாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மகளிடம் சொல்லியிருக்கிறேன். கேள்வி கேட்டால் உடைந்துபோகும் விசுவாசத்தை நான் பிள்ளைக்குக் கொடுக்க விரும்பவில்லை.

சபையில் ஓர் அக்கா ஆராதனை முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சிஸ்டர், உலகப் படிப்புக்குப் போயிட்டீங்களாமே" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். மோசே எகிப்தியருடைய சாஸ்திரங்கள் எல்லாவற்றிலும் கற்பிக்கப்பட்டான் என்று வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தானியேல் அந்தக் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான். ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்றவன் படிப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பிள்ளைகள் காலையில் ஜெபத்தோடுதான் புத்தகத்தைத் திறக்கிறார்கள். அட்டையில் எந்த ஊர்ப் பதிப்பகத்தின் பெயர் இருக்கிறது என்பதால் அந்த ஜெபம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

சான்றிதழ் விஷயத்தை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்தால் பயன் இல்லை. 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது, 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டுக்கல்விக்குத் தடை என்று அதில் வரி இல்லை, அனுமதி என்றும் வரி இல்லை. தேர்வுக்கு வழி தெளிவாகவே இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். என்பது மத்திய அரசின் கல்வி வாரியம். 14 வயது ஆனால் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வு எழுதலாம், ஒரு மொழி உட்பட 5 பாடம், தமிழ் எடுக்கலாம், வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. அதற்குக் கீழே 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையாக ஏ, பி, சி என்று மூன்று நிலை உண்டு. மாநில அரசின் அரசுத் தேர்வுகள் இயக்ககமும் எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வு நடத்துகிறது, 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பாடத்திட்டத்தையே பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்கிறவர்கள், கடைசியில் கையில் கிடைக்கும் சான்றிதழை இங்குள்ள கல்லூரி ஏற்குமா என்று பிள்ளைக்கு 12, 13 வயது இருக்கும்போதே அந்தக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னார்கள் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கடைசியாக மூன்று பேரிடம் வேண்டுகோள். சபைப் போதகர்களே, உங்கள் சபையில் இப்படி இரண்டு குடும்பம் இருந்தால்கூட, ஓய்வுநாள் பள்ளி அறையில் ஓர் அலமாரியை ஒதுக்கிக்கொடுங்கள். ஒரு குடும்பம் முடித்த புத்தகம் இன்னொரு குடும்பத்துக்குப் போகட்டும், ஆயிரக்கணக்கில் பணம் கொட்டி வாங்கிய செட் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மே மாத விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடக்கும்போதே ஒரு நாள் சாயங்காலம் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால், யாரிடம் என்ன புத்தகம் இருக்கிறது என்பதாவது தெரிந்துவிடும். கிறிஸ்தவப் பதிப்பகங்களே, பார்க் டவுனிலும் வேப்பேரியிலும் இத்தனை காலமாக இருக்கிறீர்கள், தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாற்றைப் பத்து வயசுப் பிள்ளை தானே வாசிக்கிற எளிய தமிழில், நல்ல படங்களோடு, வரிசையாகக் கொண்டு வாருங்கள். நான் தேடியவரை பெரியவர்களுக்குத்தான் இருக்கிறது, சீகன்பால்க்கையும், வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரையும் நானே வாசித்து, சுருக்கி, நோட்டில் கையால் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன், எத்தனை அம்மாக்களால் அது முடியும்?

மூன்றாவது, ஆசிரியர் அவர்களே, உங்களிடம். கல்விப் பக்கத்தில் என்.ஐ.ஓ.எஸ். விண்ணப்பத் தேதி, தனித்தேர்வர் அறிவிப்பு இரண்டையும் பள்ளிச் செய்திகளோடு சேர்த்து, கடைசி நாளுக்கு முன்பாகவே, கண்ணில் படுகிற மாதிரி போடுங்கள். வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கு மட்டும் இல்லை, நடுவில் பள்ளியை விட்டுவிட்டுப் பட்டறையிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் எங்கள் பக்கம் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே வழிதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை - 11.